தக்கை

குரு சீடனை 'சார்' என்று கூப்பிட்ட பட்டறை பரங்கிப்பேட்டையில் ஒன்று இருந்தது.

குருவின் பெயர் ஜுலைகா. வயது முப்பத்தொன்று. கேரளத்தில் ஒரு கப்பல் பட்டறையில் அலுமினிய வெல்டிங் கற்றுக்கொண்டு, ஊருக்கு வந்து தகரக் கொட்டகை போட்டவள். சீடர் தில்லைநாயகம், வயது அறுபது. அதே ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முப்பத்திரண்டு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். ஆறாம் வகுப்பில் ஜுலைகாவுக்கும் அவர்தான் கணக்கு எடுத்தார். காலம் ஆளை எந்தப் பெஞ்சில் உட்கார வைக்கும் என்று யாருக்குத் தெரியும்?

சித்திரை மாதத்து மத்தியானம் ஒரு டிராக்டர் பட்டறை வாசலில் வந்து நின்றது. அதன் பின்னால் துருப்பிடித்த ட்ரெயிலர். அதன் மேல் பழைய அலுமினியப் படகு, மோட்டாரோடு. ஒரு காலத்தில் வெள்ள மீட்புக்கு ஓடியது, ஏலத்தில் வந்தது. அடிப்பாகம் முழுக்கத் தார் பூசியிருந்தது.

"தார் யாரு சார் பூசுனது?" என்றாள் ஜுலைகா.

"நான்தான். ஓட்டைம்மா. எங்க ஓட்டைன்னு தெரியல. அதான் எல்லா இடத்துலயும் பூசிட்டேன்."

"பத்தாங்கிளாஸ்ல விடை தெரியாதவன் எல்லாத்தையும் எழுதி வெப்பானே, அது மாதிரியா?"

அவர் சிரித்துவிட்டார். பிறகு விஷயத்தைச் சொன்னார்.

அவர் மகள் மங்கைக்கு ஆவணியில் கல்யாணம். அவர்கள் இருப்பது காயலுக்கு நடுவே உள்ள நடுத்திட்டு. நாற்பது வீடு, தோணியில்தான் போக வேண்டும். மாப்பிள்ளையின் அம்மா சகுந்தலாவுக்குத் தோணி என்றாலே உதறல். 'உட்காரப் பலகை வெச்ச மோட்டார் படகு இருந்தா வர்றேன், இல்லாட்டி சிதம்பரத்துல மண்டபம் பாருங்க' என்று சொல்லிவிட்டார். மங்கை அதற்கு ஒப்பவில்லை. அவளுக்கு மூன்று வயதாகும்போது அம்மா போய்விட்டாள். அப்புறம் அந்த நாற்பது வீடும்தான் அவளுக்குச் சோறு ஊட்டியது, தலை வாரிவிட்டது, அம்மை போட்டபோது முறை வைத்து விழித்திருந்தது.

"மண்டபத்துல வெச்சா அவங்க விருந்தாளிப்பா, திட்டுல வெச்சாத்தான் கல்யாண வீட்டுக்காரங்க, அப்படிங்கறா" என்றார் தில்லைநாயகம்.

"எங்கிட்ட ஆள் இல்ல சார். ஒட்டு நான் போடறேன். மத்த வேலையை நீங்களே செய்யுங்க. சொல்லித் தரேன்."

"எங்கிருந்து ஆரம்பிக்கணும்?"

"தாரைச் சுரண்டுங்க."

பத்து நாள் சுரண்டினார். கடைசிப் பொட்டுத் தாரும் போனதும் நெற்றி வியர்வையோடு வந்து நின்றார்.

"அடுத்தது?"

"ட்ரெயிலர். துருவை எடுத்துட்டு, பேரிங் கழட்டி, கிரீஸ் மாத்தி, பெயின்ட் அடிங்க."

"ட்ரெயிலரா? தண்ணியில போகப்போறது படகும்மா. வண்டியில்ல. நாளு போயிட்டே இருக்கு!"

அது டீ வேளை. ஜுலைகா தூக்குச்சட்டியை எடுத்து அவர் முன்னால் சாய்த்துப் பிடித்தாள்.

"கையை நீட்டுங்க சார்."

"கிளாஸ் எங்கம்மா?"

"கிளாஸையா குடிக்கப்போறீங்க?"

தில்லைநாயகம் தூக்கைப் பார்த்தார். ஆவி பறந்தது. பிறகு உப்புத்தாளை எடுத்துக்கொண்டு ட்ரெயிலருக்கு அடியில் போய்ப் படுத்தார். ஜுலைகா டீயைக் கிளாஸில் ஊற்றி அவர் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தாள்.

வைகாசி முழுக்க ட்ரெயிலரோடு போயிற்று. அவர் கிரீஸ் பூசினாரா, கிரீஸ் அவரைப் பூசியதா என்று சொல்ல முடியாது. இடது சக்கரத்துப் பேரிங் கையோடு பொடியாக வந்தது. இதே வண்டியில்தானே டிராக்டர் பின்னால் படகை இழுத்து வந்தோம் என்று நினைத்து, வலது சக்கரத்தையும் கழற்றிப் பார்த்தார்.

ஆனி பிறந்ததும் படகைத் தொட அனுமதி கிடைத்தது.

"ஓட்டையை எப்படிக் கண்டுபிடிக்கறது?" என்று கேட்டார். "தண்ணியில இறக்கிப் பாத்துடலாமா?"

"தண்ணியைப் படகுல இறக்கிப் பாப்போம்."

குழாயை இழுத்துவந்து படகுக்குள் விட்டாள். முழங்கால் உயரம்கூட இல்லை, அரை முழம். "இதுக்கு மேல ஊத்தினா ட்ரெயிலர் தாங்காது" என்றாள். படகின் பின்பக்கம், அடியில், கட்டைவிரல் பருமனுக்கு ஒரு துளை இருந்தது. அதில் உள்ளேயிருந்து ஒரு ரப்பர் தக்கையை முதலிலேயே செருகித் திருகியிருந்தாள். இருவரும் படகுக்கு அடியில் குந்தினார்கள். தகடுகளை இணைத்த ரிவிட் ஆணி வரிசையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சொட்டியது. தில்லைநாயகத்துக்கு ஒரே உற்சாகம். சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, சொட்டுகிற இடமெல்லாம் வட்டம் போட்டு, ஒன்று இரண்டு என்று நம்பரும் போட்டார். வாத்தியார் கை, வட்டம் வட்டமாகவே விழுந்தது.

பன்னிரண்டாம் வட்டம் போடும்போது முதல் ஐந்து வட்டத்தைக் காணோம். சொட்டிய நீரே அழித்துவிட்டது.

ஜுலைகா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "முப்பத்திரண்டு வருஷம் டஸ்டரைத் தேடியிருப்பீங்க. இன்னைக்கு தானா வந்துருச்சு." பிறகு சிவப்பு நகப்பூச்சுப் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். அதில் வைத்த பொட்டு அழியவில்லை. மொத்தம் இருபத்தேழு.

சோதனை முடிந்தது. தக்கையை எடுத்தாள். உள்ளே இருந்த தண்ணீர் துளை வழியே ஓடி மண்ணில் இறங்கியது. தில்லைநாயகம் அந்தத் துளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதையும் சேத்து இருபத்தெட்டா அடைச்சிடேன்" என்றார்.

"இது ஓட்டை இல்ல சார்."

"உள்ள தண்ணி வருமா வராதா?"

"தக்கை போடாட்டி வரும்."

"அப்ப ஓட்டைதானே? நல்ல படகுக்கு எவனாவது அடியில துளை போடுவானா? மனுஷன் மறந்துட்டா என்ன ஆகறது? ஒரு ஒட்டு போட்டா நிம்மதி. ஏம்மா மாட்டேங்கற?"

ஜுலைகா அவர் பக்கம் திரும்பினாள்.

"சார், ஆறாங்கிளாஸ்ல தொட்டிக் கணக்கு போட்டீங்களே. ஒரு குழாய் மூணு மணியில நிரப்பும், இன்னொரு குழாய் அஞ்சு மணியில காலி பண்ணும், ரெண்டையும் திறந்தா எப்ப நிரம்பும்னு."

"எத்தனை தொட்டி நிரப்பியிருப்பேன்! அதுக்கென்ன?"

"நான் எழுந்து கேட்டேன். நிரப்புற குழாய் சரி, காலி பண்ற குழாயை ஏன் சார் வெச்சாங்கன்னு. அதிகப்பிரசங்கின்னு பெஞ்சு மேல ஏத்திட்டீங்க. மணியடிக்கற வரைக்கும் நின்னேன்."

தில்லைநாயகத்துக்கு நினைவில்லை. ஆனால் தான் அப்படிச் செய்யக்கூடியவர்தான் என்று தெரியும். முகம் சுருங்கிப்போயிற்று.

"பதில் சொன்னேனா?"

"இல்ல."

"இப்ப நான் கேட்டதுக்கு?"

"நானும் இப்ப சொல்லல" என்றாள் ஜுலைகா. அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

இருபத்தேழு ஓட்டையையும் அடைக்க ஒரு மாதம் ஆனது. தளர்ந்த ரிவிட்டைத் தில்லைநாயகம் அடித்து இறுக்கினார். கிழிந்த இடத்தில் ஜுலைகா ஒட்டு வைத்தாள். மோட்டாரைக் கழற்றிப் பூட்டினார்கள். உட்காரப் புதுப் பலகை போட்டார்கள், சகுந்தலாவுக்காக ஒரு சாய்மானமும். ஆடி கடைசியில் வெள்ளோட்டம் விட்டபோது ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. தில்லைநாயகம் படகின் அடித்தட்டைத் தடவித் தடவிப் பார்த்துக் கையை மோந்துகூடப் பார்த்தார்.

"ஒண்ணே ஒண்ணு" என்றாள் ஜுலைகா. "கரையில நிக்கும்போது தக்கை வெளிய இருக்கணும், மழைத்தண்ணி தேங்கக்கூடாது. இறக்கும்போது உள்ள இருக்கணும்."

அன்றைக்கே தக்கையைக் கழற்றினார். தொலைந்துவிடக்கூடாதே என்று கைக்குட்டையில் முடிந்து பத்திரப்படுத்தினார். கல்யாணத் தாலியை வைத்திருந்த பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆவணி முதல் முகூர்த்தம். காலையில் துறையில் டிராக்டர் பின்னோக்கி வந்து ட்ரெயிலரைத் தண்ணீரில் இறக்கியது. புதுப் பெயின்ட், புதுப் பேரிங், ஒரு முனகல் இல்லை. பட்டுவேட்டி கட்டிய தில்லைநாயகத்தின் மடியில் கைக்குட்டை முடிச்சு பத்திரமாக இருந்தது.

"எல்லாம் பாத்துட்டீங்களா சார்?" என்றாள் ஜுலைகா.

"இருபத்தேழு இடமும் பாத்துட்டேன்."

"இருபத்தேழுதானா?"

"இருபத்தேழேதான்."

சரி என்று தலையாட்டிவிட்டு ஏறினாள். தெரிந்தே ஏறினாளா, அவளும் மறந்துதான் போனாளா என்று இன்றைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது.

மாப்பிள்ளை இளம்பரிதி முன்பலகையில். பட்டுப்புடவைக்கு மேல் லைஃப் ஜாக்கெட் மாட்டிய சகுந்தலா நடுவில், மடியில் சீர்த்தட்டும் வெள்ளிச் சொம்பும். பக்கத்தில் ஜுலைகா. பின்னால் மோட்டார் பிடியைப் பிடித்துக்கொண்டு தில்லைநாயகம், கலெக்டர் தோரணையில்.

சகுந்தலாவுக்காக மெதுவாகவே கால் தூரம் போயிருப்பார்கள். அவர் பாதம் சில்லிட்டது. குனிந்து பார்த்தார். கணுக்கால் வரை தண்ணீர்.

எந்த ரிவிட்? ஏழா, பத்தொன்பதா? ஒவ்வொரு நம்பராக மனசுக்குள் ஓடியது. தண்ணீர் சகுந்தலாவின் காலைத் தொட்டது.

"ஐயோ! அண்ணா, திருப்புங்க! நான் அப்பவே சொன்னேன், மண்டபத்துலயே வெச்சுக்கலாம்னு! இறக்கி விடுங்க என்னை!"

எதிரே திட்டில் மேளம் கேட்டது. கரையில் நாற்பது வீடும் நின்றது. மஞ்சள் புடவையில் மங்கை நிற்பதும் தெரிந்தது. அவளை எப்படி நிமிர்ந்து பார்ப்பது?

"சார்" என்றாள் ஜுலைகா. "மடியில என்ன?"

அவர் மடியைத் தொட்டார்.

அதற்கப்புறம் ஐந்து நொடியில் நடந்தது என்ன என்று அவரால் வரிசையாகச் சொல்ல முடிந்ததே இல்லை. வேட்டி அவிழ்ந்தது, வேட்டி பிடிபட்டது, முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்துத் தக்கையை எடுத்துத் தண்ணீருக்குள் கையை விட்டுத் துளையைத் தடவிச் செருகித் திருகினார். தண்ணீர் ஏறுவது நின்றது. இளம்பரிதி முதலில் சிரித்தான். சகுந்தலா சிரிக்கவில்லை. வெள்ளிச் சொம்பால் மொண்டு மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார்.

"இது எப்பப்பா தீரும்? நனைஞ்ச கோழியாட்டமா நான் சம்பந்தி வீட்டுக்குப் போறது? திருப்புங்கன்னா!"

"சொம்பை வைங்கம்மா" என்றாள் ஜுலைகா. "சார், வேகமா விடுங்க. இன்னும் வேகமா."

மோட்டார் இரைந்தது. படகின் மூக்கு எழும்பியது. உள்ளே இருந்த தண்ணீர் முழுக்கப் பின்பக்கம், அவர் காலடிக்கு வந்து சேர்ந்தது.

"இப்பத் தக்கையைப் புடுங்குங்க."

"என்னது?"

"புடுங்குங்க சார்."

"வேண்டாம்!" என்று அலறினார் சகுந்தலா.

தில்லைநாயகம் ஜுலைகாவின் முகத்தைப் பார்த்தார். நாலு மாதமாக அவள் சொன்னதைச் செய்து ஒன்றும் கெட்டுப்போகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு குனிந்து பிடுங்கினார்.

தண்ணீர் உள்ளே வரவில்லை. படகு முன்னே பாய, பின்னால் காயல் அந்தத் துளை வழியே படகுத் தண்ணீரைக் குடித்தது. களக் களக் என்ற சத்தம். கணுக்கால் தண்ணீர் விரல்மட்டம் ஆயிற்று. விரல்மட்டம் ஈரமாயிற்று. அடித்தட்டு வெயிலில் பளபளத்தது.

சகுந்தலா காலைத் தூக்கிப் பார்த்தார். கீழே பார்த்தார். பிறகு சொம்பைக் கட்டிக்கொண்டு விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்தார். "அண்ணா, திரும்பிப் போறப்பவும் நான் இதுலதான் போவேன்!"

"நிறுத்தறதுக்கு முன்னாடி மூடிடணும்" என்றாள் ஜுலைகா. அவர் மூடினார். மேளம் நெருங்கியது. திட்டிலிருந்து நாற்பது வீட்டுப் பெண்களும் போட்ட குலவையில் மோட்டார் சத்தமே கேட்கவில்லை.

தில்லைநாயகம் சந்தோஷம் தாங்காமல் படகில் எழுந்து நின்றுவிட்டார். கண்ணில் நீர். ஒரு கையில் மோட்டார் பிடி, ஒரு கையில் வேட்டி.

"ஜுலைகா! அந்தத் தொட்டியில காலி பண்ற குழாயை ஏன் வெச்சாங்கன்னு கேட்டியே!"

"ஆமா சார்."

"தொட்டின்னு இருந்தா, என்னைக்காவது ஒருநாள் தேவைப்படும்மா!"

ஜுலைகா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"விடை சரி" என்றாள். "இப்ப உட்காருங்க சார்."