கரடி வைத்தியரின் ஏழு கேள்விகள்

வெயில் கொளுத்தும் ஒரு காட்டில் ஒரே ஓர் ஓடைதான் வற்றாமல் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் காட்டுக்குக் கரடிதான் வைத்தியர். கேள்வி கேட்பதென்றால் அதற்குக் கொள்ளை ஆசை.

ஒருநாள் கோடை மழை பெய்து ஓய்ந்தது. மூன்றாம் நாள் காலையில் முயலும் மானும் காட்டுப்பன்றியும் வயிற்றுவலியால் துடித்தன. யானையும் குரங்கும் கீரியும் நலமாகவே இருந்தன.

கரடி ஆறு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்தது.

"எத்தனை கால்?"

"கையையும் சேர்த்தா, சேர்க்காமலா?" என்றது குரங்கு.

"சேர்த்துத்தான்! எத்தனை கண்? எத்தனை காது? எத்தனை வால்? நேற்று எத்தனை முறை ஓடையில் நீர் குடித்தீர்கள்? எத்தனை நாழிகை தூங்கினீர்கள்? எத்தனை காளான் தின்றீர்கள்?"

மரங்கொத்தி ஒவ்வொரு பதிலையும் மரப்பட்டையில் புள்ளிகளாகக் கொத்தியது. ஒரு கேள்விக்கு ஒரு வரிசை.

கரடி பட்டையைப் பார்த்துத் துள்ளியது. "எல்லாரும் மூன்று முறை ஓடை நீர் குடித்திருக்கிறீர்கள். ஒருவர்கூட மாற்றிச் சொல்லவில்லை! ஓடையில்தான் விஷம். இன்றே எல்லாரும் மலைக்கு அப்பால் உள்ள ஏரிக்குக் கிளம்புங்கள்!"

"ஐயோ, இந்த வலியோடு மலை ஏறினால் வழியிலேயே செத்துப்போவேனே!" என்று அழுதது முயல்.

கீரி எழுந்தது. "வைத்தியரே, நானும் மூன்று முறைதான் குடித்தேன். எனக்கு ஏன் வலிக்கவில்லை?"

"அது... உனக்குக் கெட்டி வயிறு."

"யானைக்கும் குரங்குக்கும்?"

கீரி பட்டையைக் காட்டித் தொடர்ந்தது.

"நோயாளிக்கும் அதே பதில், நலமானவருக்கும் அதே பதில் என்றால், அதைக் கொண்டு நோயை எப்படிக் கண்டுபிடிப்பது? அப்படிப்பட்ட வரிசைகளை அழித்துவிடலாமே!"

"அழிப்பதா? அத்தனையும் நான் யோசித்து யோசித்துக் கேட்டவை!"

அப்போது முயல் வலி தாங்காமல் சுருண்டு படுத்தது. கரடி அதைப் பார்த்தது. பிறகு பெருமூச்சு விட்டு, "சரி, அழி" என்றது.

மரங்கொத்தி அந்த வரிசைகள் இருந்த பட்டையை மட்டும் உரித்தது. கால் போயிற்று, கண், காது, வால் போயின, ஓடை நீரும் போயிற்று. இரண்டே வரிசைகள் மிஞ்சின.

தூக்கத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. நன்றாகத் தூங்கிய மானுக்கும் வலி. கண்ணே மூடாத முயலுக்கும் வலி. ஆனால் காளான் வரிசையில் முயலுக்கு நான்கு புள்ளி, மானுக்கு ஆறு, பன்றிக்குப் பதினைந்து. மற்ற மூவருக்கும் ஒன்றுகூட இல்லை!

"காளான்!" என்று முதலில் கத்தியது கரடிதான்.

உடனே கசப்பு வேர்களை இடித்துச் சாறு பிழிந்து மூவருக்கும் கொடுத்தது.

"எனக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும்" என்று முனகியது பன்றி. "பதினைந்து என்று வெட்கப்பட்டுச் சொன்னேன். முப்பது தின்றேன்."

யானை போய் அந்த நச்சுக் காளான்களை மிதித்து நசுக்கியது. மாலைக்குள் வலி தீர்ந்தது. முயல் ஓடைக்குத் தாவி ஓடி, ஆசை தீர நீர் குடித்தது. பார்த்துக்கொண்டே நின்ற கரடிக்கும் தாகம் எடுத்தது. அதுவும் பக்கத்தில் குனிந்து மடக் மடக்கென்று குடித்தது.

நீதி: எல்லாரிடமும் ஒன்றுபோல் இருப்பது எதையும் பிரித்துக் காட்டாது, அதை ஒதுக்கினால்தான் உண்மை கண்ணில் படும்.