ஆட்டைப் பூட்டி வைத்த மன்றத்தார்

தென்காசிப் பக்கம் கூழாங்குளத்தில் அறிவுச்சுடர் நற்பணி மன்றம் என்று ஒன்று உண்டு. அறிவு எங்கே, சுடர் எங்கே என்றெல்லாம் கேட்கக் கூடாது. மன்றம் இருந்தது, அவ்வளவுதான். பூரணம் அக்காவின் பலசரக்குக் கடைக்கு மேலே, பலகை பாவிய மச்சு அறையில் நாலு பேர் தினமும் கூடுவார்கள். தலைவர் கோமதிநாயகம். செயலாளர் ஆவுடையப்பன். பொருளாளர் இசக்கிராஜ். எல்லாரும் பதவிக்குப் போய்விட்டால் மன்றத்துக்கு ஆள் வேண்டாமா என்று பேச்சிமுத்து மட்டும் வெறும் உறுப்பினராகவே இருந்தார்.

கோமதிநாயகத்துக்கு அந்த அறை என்றால் உயிர். வீட்டில் அவர் தேங்காய் துருவுகிற ஆள். மச்சுக்கு ஏறிவிட்டால் தலைவர். ஒரு மரப்படிக்கட்டு ஏறினால் இவ்வளவு கிடைக்கிறது என்றால் யார்தான் விடுவார்கள்?

அந்த வருஷம் ஊர் முழுக்கப் போனில் ஒரு சொல் விளையாட்டு பரவியிருந்தது. கட்டம் கட்டமாகப் பதினாறு சொற்கள் வரும். ஒன்றுக்கொன்று சேருகிற சொற்களாகப் பார்த்து, நாலு நாலாகப் பிரிக்க வேண்டும். நாலு தவறு வரை அனுமதி உண்டு. மற்றவர்கள் பல் தேய்த்துக்கொண்டே ஆடி முடித்துவிடுவார்கள். மன்றத்தார் அப்படி அவசரப்படுகிறவர்கள் இல்லை. முதலில் அனுமதித்த நாலு தவறுகளையும் செய்து முடிப்பார்கள்.

"அனுமதின்னு வாய் தொறந்து சொல்லியிருக்கான். வேண்டாம்னு தள்ளுனா மரியாதையா இருக்குமா வே?" என்பார் ஆவுடையப்பன்.

"ஆளுக்கு ஒண்ணு. நம்மளை நெனச்சுத்தான் வச்சிருக்கான்" என்பார் இசக்கிராஜ்.

ஆளுக்கு ஒரு தவறு செய்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால் ஆட்டம் முடிந்திருக்கும். அதில் 'கலைத்துப் போடு' என்று ஒரு பொத்தான் வேறு இருந்தது. அதை அழுத்தியதும் நாலு பேரும் எழுந்து இடம் மாறி உட்காருவார்கள். பேச்சிமுத்துவுக்கு மூட்டுவலி என்பதால் அதை அடிக்கடி அழுத்துவதில்லை.

ஒரு நாள் புலி, ஆடு, நரி, மாடு என்று நாலு சொற்கள் வந்தன. கூடவே கதவு, பூட்டு, சாவி, தாழ்ப்பாள்.

"நாலும் மிருகம்தானே, ஒண்ணாப் போட்டிரலாம்" என்று பேச்சிமுத்து யோசிக்காமல் சொல்லிவிட்டார்.

கோமதிநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"புலியையும் ஆட்டையும் ஒரே கூட்டத்துலயா? சாயங்காலம் வந்து பாத்தா புலி மட்டும்லா நிக்கும்."

வீட்டில் ஆடு வளர்க்கிற நாமே இப்படிச் சொல்லிவிட்டோமே என்று பேச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். தீர்மானம் போட்டு, ஆட்டைக் கதவு, பூட்டு, சாவியோடு சேர்த்தார்கள். 'ஒன்று மட்டும் பொருந்தவில்லை' என்றது போன்.

"சாவிதான்" என்றார் ஆவுடையப்பன். "வேற பூட்டுச் சாவியை வச்சிருக்கான்."

அந்த நேரம் பார்த்துத்தான் பூரணம் அக்கா படியேறி வந்தார். கடைக்குச் சின்ன வெங்காயம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியிருந்தது. காயப் போட்டு வைக்க இடமில்லை.

"ஐயாமாரே, இந்த மன்றத்துல அப்படி என்ன செய்யுதிய?"

"சொல் விளையாட்டு ஆடுதோம், அக்கா. அறிவுப்பணி" என்றார் கோமதிநாயகம்.

"ஒரு நாளாவது ஜெயிச்சிருக்கியளா?"

"அது எங்க நோக்கமே இல்லையே."

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "சரி. ஊரு ஆடுததுக்கு நீங்க ஒரு புதிர் செஞ்சு விடுங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள ஒரே ஒரு ஆளு அதைச் சரியாப் போட்டுட்டா ரூம் உங்களுக்கு. இல்லைன்னா வெங்காயத்துக்கு."

கோமதிநாயகம் அறையை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். ஆனால் தலைவர் அல்லவா? "ஒரு ஆளு என்ன, ஊரே போடும்" என்றார்.

மறுநாளே வேலை தொடங்கியது. இரகசியம் கசியாமல் இருக்க ஆவுடையப்பன் கதவை உள்பக்கமாகப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். இசக்கிராஜின் போனில், புதிர் செய்கிற பக்கத்தில், இருந்த நிபந்தனை ஒன்றுதான்: 'ஒரு சொல்லை ஒரு முறை மட்டுமே பயன்படுத்தவும்.'

"கவனமா இருக்கணும் வே" என்றார் கோமதிநாயகம். "எழுதுதவரைக்கும் எப்படி வேணும்னாலும் பேசலாம். எழுதிட்டா அதோட சரி. அந்தச் சொல் தீந்துபோச்சு. பிறகு ஒருத்தரும் அதைச் சொல்லக் கூடாது."

எழுதுவதற்கு முன்னால் மச்சே அதிர விவாதித்தார்கள். ஆட்டுக்குக் கதவு, பூட்டு, சாவி என்பது முன்பே தீர்மானமான விஷயம். முதல் வரியாக அதை எழுதினார்கள். சிக்கல் புலியில் வந்தது.

"புலியைக் காட்டுல விடணும். மலையும் பக்கத்துல இருக்கணும்" என்றார் இசக்கிராஜ்.

"நாலாவது?"

"தூரம்" என்றார் பேச்சிமுத்து. "நல்ல தூரம் வேணும். அந்தத் தாடி வச்ச சமாச்சாரம் இருக்குல்லா, அது கண்ணுல பட்டுரக் கூடாது."

ஆடு என்ற சொல் தீர்ந்துபோயிருந்தது.

மூன்றாவது வரியில் பாலுக்கு மூடி கேட்டார் ஆவுடையப்பன். மூடி போதாது, மேலே கல்லும் வைக்க வேண்டும் என்றார் கோமதிநாயகம். பூனை கல்லைத் தள்ளிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார் இசக்கிராஜ். அரைமணி நேரம் யோசித்து, நாலாவதாகக் கவனம் என்று போட்டார்கள். மிச்சமிருந்த பூனைக்கு நாற்காலி, வெயில், தூக்கம் என்று தாராளமாகக் கொடுத்து, பால் பக்கமே போகாமல் பார்த்துக்கொண்டார்கள். ஒன்றை ஒன்று தின்னாத புதிர் உலகத்திலேயே இது ஒன்றுதான் என்று கோமதிநாயகத்துக்குப் பெருமையாக இருந்தது.

மத்தியானம் பேச்சிமுத்துவுக்குப் பசித்தது. வெளியே போக வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தார். கதவும் தீர்ந்திருந்தது, பூட்டும் தீர்ந்திருந்தது, சாவியும் தீர்ந்திருந்தது. ஆவுடையப்பனுக்கு எதிரே போய் நின்று விரலை இப்படியும் அப்படியும் திருகிக் காட்டினார். காது குடைகிறது போலும் என்று ஆவுடையப்பன் ஒரு கோழி இறகை எடுத்துக் கொடுத்தார். ஆவுடையப்பனுக்கே பசி வந்த பிறகுதான் எல்லாரும் வெளியே வந்தார்கள்.

புதிர் ஊருக்குள் போயிற்று. ஊர் மண்டையை உடைத்துக்கொண்டது. ஆடு, புலி, பூனை மூன்றையும் சேர்த்துவிட்டு எல்லாரும் நாலாவது மிருகத்தைத் தேடினார்கள். தூக்கம் என்று வடக்கே ஒரு மிருகம் இருக்கலாம் என்று தபால்காரர் சாதித்தார். ஒருவரும் ஒரு கூட்டத்தைக்கூடச் சேர்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு பேரும் கடை வாசலில் வந்து நின்றார்கள். படிக்கட்டின் அடியில் வெங்காய மூட்டைகள் ஏறுவதற்குத் தயாராக இருந்தன. கோமதிநாயகத்துக்கு அழுகை வந்துவிட்டது. இனி ஆயுள் முழுக்க வீட்டில்தானா என்று நினைத்தபோது அடக்க முடியவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"இதெல்லாம் ஒரு புதிரா? மனுசன் போடக்கூடியதா இது? இங்க பாருங்க" என்று அக்கா தன் போனை எடுத்து எல்லாருக்கும் காட்டினார். எவராலும் போட முடியாது என்பதைத் தானே தப்பாகப் போட்டுக் காட்டுவதுதான் அவர் எண்ணம்.

ஆட்டைத் தொட்டார். பலகை இடுக்கு வழியே மன்றத்தின் விவாதம் முழுவதும் பருப்பு நிறுக்கும்போது அவர் காதில் விழுந்திருந்தது. விரல் தானாகக் கதவுக்குப் போயிற்று, பிறகு பூட்டுக்கு, பிறகு சாவிக்கு. சரி என்றது போன்.

"ஆட்டைப் பூட்டியாச்சு" என்று முணுமுணுத்தார் அக்கா. "அப்ப இந்தப் புலி?" காடு, மலை, தூரம். வேண்டாம் என்று நினைத்தும் அவரால் நிறுத்த முடியவில்லை. பாலை மூடிக் கல் வைத்துக் கவனமும் வைத்தார். பூனை நாற்காலியில் வெயில் காய்ந்து தூங்கிவிட்டது. போனில் வண்ணக் காகிதம் பறந்தது. கடைக்கு வந்திருந்தவர்கள் கைதட்டினார்கள்.

அக்கா போனையும் வெங்காயத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கொடுத்த வாக்கை மீறுகிறவர் இல்லை அவர்.

"சொன்னா சொன்னதுதான்" என்றார் கடுப்போடு. "இனிமே நீங்க ஒருத்தரும் அந்த ரூமை விட்டுப் போக வேண்டாம். போதுமா?"

நாலு பேரும் சந்தோஷத்தோடு மேலே ஏறினார்கள். கோமதிநாயகம் சுவரைத் தடவிப் பார்த்தார். அவ்வளவு நிம்மதி அவர் வாழ்நாளில் கண்டதில்லை. விளக்கு வைக்கிற நேரமானதும் பேச்சிமுத்து எழுந்தார்.

"எங்க கிளம்புதீரு?" என்றார் கோமதிநாயகம்.

"வீட்டுக்கு."

"அக்கா என்ன சொன்னாவ? ரூமை விட்டுப் போக வேண்டாம்னுல்லா சொன்னாவ."

பேச்சிமுத்து திரும்ப உட்கார்ந்தார். கடை பூட்டுகிற நேரமும் வந்தது. மேலே இன்னும் பேச்சுக்குரல் கேட்கவே, "அங்க என்ன செய்யுதிய? எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்று கீழேயிருந்து சத்தம் போட்டார் அக்கா.

மேலே ஆழ்ந்த யோசனை நடந்தது.

"ரெண்டும் அக்கா வாக்குதான்" என்றார் கோமதிநாயகம். "ரெண்டையும் காப்பாத்தணும். ரூமை விட்டும் போகக் கூடாது, வீட்டுக்கும் போகணும்."

"நம்ம நாலு பேரு வீடும் நாலு திக்குல இருக்கே" என்றார் இசக்கிராஜ்.

"சுவரும் நாலுதானே வே" என்றார் ஆவுடையப்பன்.

கடைக்கதவை இழுத்துச் சாத்திக்கொண்டிருந்த பூரணம் அக்காவின் தலையில் மரத்தூள் கொட்டியது. அண்ணாந்து பார்த்தார். மச்சில் ஒரு பலகையைக் காணோம். அந்த ஓட்டை வழியாகக் கோமதிநாயகம் எட்டிப் பார்த்து, மிகுந்த பணிவோடு சொன்னார்: "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, அக்கா. ரூமைத் தூக்கிக்கிட்டுக் கிளம்புதோம்."