உலகம்மாள் வீட்டுப் பெட்டி

கேபிள் பூலோகபாண்டியன் அண்ணாச்சி ஊருக்கெல்லாம் மாட்டிவிட்ட ரெக்கார்டர் பெட்டிக்கு ஒரு குணம் உண்டு. பதிந்ததைத் தானே அழித்துவிடும். லைன் போனால் மிச்சத்தையும் காட்டாது. இஸ்திரி போடும் உலகம்மாள் அதைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, சொந்தமாக ஒரு ரெக்கார்டர் வாங்கி மாட்டிக்கொண்டாள்.

ஐப்பசி மழையில் ஊர் முழுக்க லைன் செத்தது. மழை விட்டும் வரவில்லை. உலகம்மாள் வீட்டில் மட்டும், முன்பே பதிந்துவைத்த சீரியல் ஓடியது. தெருவே அங்கே உட்கார்ந்திருந்தது. சேதி கேட்ட அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"ஏளா, இது எவன் பெட்டி?"

"என் பெட்டி அண்ணாச்சி."

"பெட்டி உன்னோடதுன்னா உள்ள இருக்கது என்னோடது. என் வயர்ல வந்த ஒவ்வொரு படமும், ஒவ்வொரு பேச்சும் என் சொத்து. எடு இங்க!"

"இத்தனை பேர் முன்னால சொல்லுதீய. பேச்சு மாற மாட்டீயளே?"

"நான் பேச்சு மாறுத ஆளா?"

உலகம்மாள் ரிமோட்டை அமுக்கினாள். டிவியில் மாலையும் கழுத்துமாக அண்ணாச்சியே வந்தார். லோக்கல் சேனலில் அவர் சொன்ன பொங்கல் வாழ்த்து. அவருடைய பெட்டிகள் எல்லாம் அதை எப்போதோ அழித்துவிட்டன.

"இடி விழுந்தாலும் நம்ம லைன் போகாது. போனா, ஆள் அனுப்ப மாட்டேன். நானே கம்பத்துல ஏறுவேன்!"

அண்ணாச்சி தன் தொந்தியைப் பார்த்தார். வாசலில் நின்ற கம்பத்தைப் பார்த்தார்.

"இது... நான் சொன்னதில்ல."

"அப்போ உள்ள இருக்கது உங்க சொத்து இல்ல. பெட்டியை விட்டுட்டுப் போங்க."

"சொத்து என்னோடதுதான்!"

"அப்போ சரி." உலகம்மாள் இஸ்திரி மேசையை இழுத்துக் கம்பத்தடியில் போட்டாள். "ஏறுங்க அண்ணாச்சி. வேட்டியைத்தான் வரும்போதே மடிச்சுக் கட்டிட்டு வந்துட்டீயளே."