சால்வியா பேச்சை நிறுத்திய கதை

அந்தக் காலத்தில் செடிகொடிக்கும் வாய் இருந்தது. அதனால் தோட்டக்காரர்களுக்கு ஒரு வழக்கமும் இருந்தது. கத்தியைத் தரையில் வைத்துவிட்டு, "வெட்டட்டுமா?" என்று செடியிடம் மூன்று தரம் கேட்க வேண்டும். செடி "வெட்டு" என்றால் வெட்டலாம். இல்லையென்றால் பேசாமல் வீட்டுக்குப் போகலாம்.

மலைச்சரிவில் குருவம்மா ஒரு சிவப்புச் சால்வியா வளர்த்தாள். காலை வெயில் படும் இடம், வேரில் தண்ணீர் தேங்காத மேட்டு மண் என்று பார்த்துப் பார்த்து வைத்த செடி. ஆனால் அப்போதெல்லாம் சால்வியா வருஷத்துக்கு ஒரே தரம்தான் பூக்கும். பூ உதிர்ந்ததும் காய்ந்த கதிர்களைத் தலையில் சுமந்துகொண்டு சும்மா நிற்கும்.

"பாரமா இருக்கே கண்ணு, வெட்டட்டுமா?" என்று குருவம்மா தினமும் கேட்பாள்.

"வேண்டாம் ஆத்தா. அதுக்குள்ள என் பிள்ளைங்க தூங்குது. தலைய வெட்டினா நானும் செத்துடுவேன்" என்று செடியும் தினமும் சொல்லும்.

வேலியோரத்து நாவல் மரத்தில் ஒரு துடுப்புவால் கரிச்சான் குருவி இருந்தது. அதற்கு வராத குரல் கிடையாது. பூனையாகக் கத்திக் கோழிகளைச் சிதறடிக்கும். குருவம்மாவின் புருஷன் குரலில் "ஏ குருவு, சோறு ஆச்சா?" என்று கேட்கும். அவள் கையைத் துடைத்துக்கொண்டு ஓடுவாள். வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். கரிச்சான் கிளையில் புரண்டு புரண்டு சிரிக்கும்.

அந்த வருஷம் மழை ஏய்த்துவிட்டது. சரிவில் ஒரு பூ மிச்சமில்லை. எலுமிச்சை மரத்தில் கூடு கட்டியிருந்த தேன்சிட்டு, இரண்டு குஞ்சுகளை வைத்துக்கொண்டு எங்கெங்கோ அலைந்தது.

"அக்கா, ஒரே ஒரு பூ" என்று சால்வியாவிடம் கெஞ்சியது.

"என் பலமெல்லாம் மேல இருக்கிற விதைக்குப் போயிடுச்சு தங்கச்சி. என்ன பண்ணட்டும்?"

சிட்டு அடுத்த சரிவுக்குப் பறந்தது. பாதி வழி போயிருக்காது, கூட்டிலிருந்து "கீச், கீச்!" என்று அலறல். பதறித் திரும்பினால் குஞ்சுகள் தூங்கிக்கொண்டிருந்தன. இப்படி மூன்று தரம். மூன்றாம் தரம் நாவல் மரத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

சிட்டு திட்டவில்லை. கரிச்சான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"நல்லாத்தான் கத்துறே. அப்படியே அவங்க குரல். மறந்துடாதே அண்ணே. நாளன்னைக்கு அவங்க கத்த மாட்டாங்க. எனக்குக் கேக்கணும்னு தோணிச்சுன்னா நீதான் கத்திக் காட்டணும்."

கரிச்சான் சிரிப்பை விட்டுவிட்டு, கதிரை வெட்டினால் விதைக்குப் போன பலம் பூவுக்குத் திரும்புமோ என்று சால்வியாவைப் பார்த்தது.

மறுநாள் காலை குருவம்மா வந்தாள். கத்தியைத் தரையில் வைத்தாள். "வெட்டட்டுமா?" என்றாள். சால்வியா வாய் திறக்குமுன், இலைகளுக்குப் பின்னாலிருந்து சால்வியாவின் குரலே பதில் சொன்னது:

"வெட்டு ஆத்தா."

மூன்று தரமும் அதே பதில்.

"ஐயோ, அது நான் இல்ல!" என்று செடி அலறியது. அந்த அலறல்தான் கரிச்சானின் குறும்பு என்று நினைத்த குருவம்மாவுக்கு எரிச்சல் வந்தது. "போடா கரிச்சான், உன் வேலைய என்கிட்டயே காட்டுறியா?" என்று மரத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, இலைக்கணுவுக்கு மேலாகக் கதிர்களை நறுக்கினாள்.

அன்று கரிச்சான் எந்தக் குரலிலும் கத்தவில்லை. மொட்டையாக நின்ற செடியையே பார்த்துக்கொண்டிருந்தது. சால்வியாவும் பேசவில்லை. செத்துவிட்டதா, கோபமா, தெரியவில்லை. பிடித்த பூச்சிகளையெல்லாம் கரிச்சான் சிட்டின் கூட்டில் கொண்டுபோய்ப் போட்டது. குஞ்சுகள் எப்படியோ நாளைத் தள்ளின.

எட்டாம் நாள் கரிச்சான் செடியருகே இறங்கி, "குரல் கொடுத்தது நான்தான்" என்றது.

"யாரது?" என்றது சால்வியா, மெல்ல. "இந்தக் குரல நான் கேட்டதே இல்லையே."

"இது என் குரல்."

கரகரவென்று, அழகில்லாமல் இருந்தது.

சால்வியா மொட்டைத் தலையை அதன் பக்கம் சாய்த்தது. "என் பிள்ளைங்கள இழந்தேன். அத மன்னிக்கறது எப்படின்னு தெரியல. ஆனா நான் சாகல. மேல போன பலம் வழி தெரியாம உள்ளுக்குள்ள முட்டுது, பாரு."

பார்த்தது. வெட்டிய இடத்துக்குக் கீழே, இலைக்கணுவின் இரண்டு பக்கமும் இரண்டு தளிர்கள். ஒவ்வொன்றின் நுனியிலும் ஊசிமுனை அளவுக்குச் சிவப்பு.

தளிர்கள் பூத்ததும் சிட்டு தேன் குடித்தது. குஞ்சுகள் பறந்தன. விஷயம் தெரிந்ததும் குருவம்மா கத்தியைக் கீழே போட்டு அழுதாள். "இனி வருஷத்துக் கடைசிக் கதிர வெட்ட மாட்டேன் கண்ணு. அது உன் பிள்ளைங்களுக்கு" என்று வாக்குக் கொடுத்தாள்.

"சரி ஆத்தா. ஆனா இனிமே வாயால சொல்ல மாட்டேன், தளிர் விட்டுத்தான் சொல்லுவேன். வாய்ச்சொல்ல யாரும் திருடிடலாம். தளிர யாராலயும் திருப்பிச் சொல்ல முடியாது."

அதுதான் அது பேசிய கடைசிப் பேச்சு.

அன்று முதல்தான், காய்ந்த கதிரை வெட்டினால் சால்வியா ஒன்றுக்கு இரண்டாய்த் தளிர்விட்டு மறுபடி பூக்கிறது. தோட்டக்காரர்களும் கடைசிக் கதிரைக் கத்தி படாமல் விதைக்கு விடுகிறார்கள். எந்தக் குரலும் வரும் கரிச்சான் இன்றுவரை செடியின் குரலில் மட்டும் கத்துவதில்லை.