ராமநாதபுரத்துப் பனி

பல நாடுகள் கூடி வகுத்த வளர்ச்சித் திட்டத்தில், கீரனேந்தல் பெண்களுக்கு மிளகாய் உலர்த்தும் கொட்டகை ஒன்று கிடைத்தது. திட்ட அதிகாரி சபேசன் கையெழுத்துப் போட்டால்தான் திறக்கலாம். வெளியே மிளகாய் குவிந்து கிடந்தது. மழை வரும்போல் இருந்தது.

சபேசன் கூரையை அண்ணாந்து பார்த்தார். "மூணடி பனிக்கட்டி விழுந்தாலும் தாங்கணும்னு விதி. இது தாங்காது. பிரிச்சுட்டு மறுபடி போடுங்க."

"நம்ம ராமநாதபுரத்துலயா சார் பனிக்கட்டி விழும்?" என்றாள் மிளகாய் அள்ளும் முத்திருளாயி.

"விதின்னா எல்லா ஊருக்கும் ஒண்ணுதாம்மா. ஒரு எழுத்தைக்கூட மாத்த முடியாது."

முத்திருளாயி அவரிடமிருந்த தமிழ் விதிப்புத்தகத்தை வாங்கி, அடுத்த பக்கத்தை எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிறகு பக்கத்து வீட்டுக் கயிற்றுக் கட்டிலைத் தூக்கிவந்து கொட்டகைக்குள் போட்டாள்.

"இது எதுக்கு?"

"உங்களுக்குத்தான் சார். முதல் பனிக்கட்டி விழுந்து கரையிறவரைக்கும் அதிகாரி இங்கேயே தங்கிக் கூரையைக் கவனிக்கணும்னு போட்டிருக்கே. சாப்பாடு நாங்க தர்றோம். காரம் மட்டும் கொஞ்சம் கூட இருக்கும்."

பெண்கள் சிரித்துவிட்டார்கள். சபேசன் புத்தகத்தை வாங்கி அந்த வரியைத் தானும் இரண்டு முறை படித்தார்.

"அந்தந்த ஊருக்கு ஏத்தபடி மாத்திக்கலாம்னு முன்னுரையிலயே ஒரு வரி இருக்கும்மா" என்று முணுமுணுத்தபடி பேனாவைத் திறந்தார்.