யானைக்கு விட்ட இடம்

கடைசியில் ஒரு கேள்வி கேட்பேன். விடை தெரிந்துவிட்டது என்று நடுவில் குரல் கொடுக்கிற அவசரக்காரர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் அவசரத்தால்தான் ஓர் உயிர் போயிற்று.

பூதிக்கல் மலையடிவாரத்தில் வடக்கே ஒரு காடு, தெற்கே ஒரு காடு. இரண்டுக்கும் நடுவே யானைகள் காலங்காலமாய் நடந்துவந்த கணவாய். கோடையில் வடகாடு காய்ந்தால் அவை தண்ணீர் தேடித் தெற்கே போகும், மழை விழுந்ததும் திரும்பும். இப்போது அந்தக் கணவாயில் வடக்கிலிருந்து தெற்காக மூன்று நிலங்கள். முதலில் நாச்சிமுத்துவின் பாக்குத் தோப்பு, அடுத்து தயாளன் நடத்தும் கல்லூரி, கடைசியில் ரங்கநாயகியின் விடுதி.

நகரமைப்பு அதிகாரி தமயந்தி கண்டிப்பானவர். யாரிடமும் ஒரு டீகூட வாங்கிக் குடிக்காதவர். யானைகளுக்காக மேலிடத்தோடு மல்லுக்கட்டி ஓர் உத்தரவு வாங்கினார். ‘மூவரும் தத்தம் நிலத்தில், வடக்கு எல்லை முதல் தெற்கு எல்லை வரை, யானைக்கு அறுபதடி இடம் விட வேண்டும்’ என்பது அந்த உத்தரவு.

முணுமுணுத்தாலும் மூவரும் விட்டார்கள். நாச்சிமுத்து கிழக்கு ஓரத்தில் விட்டார். அங்கே பாறை, பாக்கு வராது. தயாளன் மேற்கே ஓடையை ஒட்டி விட்டார். கிழக்கே பிள்ளைகளின் விளையாட்டு மைதானம் இருந்தது. ரங்கநாயகி நட்டநடுவில், கேட்டதைப் போல இரண்டு பங்கு விட்டார். விருந்தாளிகள் மாடியில் நின்று யானை பார்க்கலாமே என்ற ஆசை அவருக்கு. மீதி நிலத்தைச் சுற்றி அவரவர் வேலியோ சுவரோ எழுப்பிக்கொண்டார்கள்.

தமயந்தி ஜீப்பில் பார்வையிடப் போனார். ஒவ்வொரு நிலத்துக்கும் பெரிய சாலையைச் சுற்றிக்கொண்டு, முன்வாசல் வழியாக. டேப்பின் மறுமுனையைப் பிடித்தவர் அலுவலக உதவியாளர் ராசுக்குட்டி, மலைக்காரர். யானையைச் ‘சாமி’ என்றுதான் சொல்வார். ஜீப்பில் முன்சீட்டு கிடைத்துவிட்டால் அவருக்கு ராஜா என்ற நினைப்பு. மதியத்துக்குள் மூன்றையும் அளந்தாயிற்று, ஓரடி குறையவில்லை. “வழி விட்டுட்டாங்கம்மா. இனி சாமிக்குக் கவலையில்ல,” என்றார் ராசுக்குட்டி. தமயந்திக்கும் மனசு நிறைந்தது.

கோடை வந்தது. ஒரு விடிகாலையில், வயதான பெண் யானை ஒன்று குட்டிகளும் கூட்டமுமாய்த் தோப்பின் கிழக்கு ஓரமாக இறங்கியது. எதிரே கல்லூரிச் சுவர். பின்னால் வந்தவை தாகத்தில் நெருக்கின. சேதி கேட்டு ஓடிவந்த ராசுக்குட்டி சுவரோரம் நின்று, “திரும்பிருங்க சாமி, இங்க வழி இல்லீங்க,” என்று கெஞ்சினார். மிரண்டுபோன யானை அவரைச் சுவரோடு சேர்த்து நசுக்கிவிட்டது. பிறகு நெற்றியைச் சுவரில் வைத்து வெகுநேரம் நின்றுவிட்டு, சொட்டுத் தண்ணீர் இல்லாத வடகாட்டுக்கே கூட்டத்தைத் திருப்பிக்கொண்டு போயிற்று.

நெற்றி பதிந்த இடத்தில், ஆள் உயரத்துக்கு மேலே, அந்தக் காய்ந்த கோடையிலும் ஈரச் சேற்றுத் தடம் இருந்தது. வெள்ளையடித்தார்கள். காலையில் மறுபடியும் ஈரச் சேறு. கீழே யானையின் காலடி இல்லை, சாணம் இல்லை. காவலாளி சொல்லிக்கொள்ளாமல் வேலையை விட்டுப் போனார். தமயந்தி நேரில் போய்ச் சுவரில் கை வைத்தார். உள்ளே யாரோ மூச்சு விடுவது போலிருந்தது. அன்றிலிருந்து ஜீப்பில் ஏறினால் காலியான முன்சீட்டிலிருந்து அந்தக் குரல் கேட்டது. “வழி விட்டுட்டாங்கம்மா.” அவருக்குப் பயமாக இருந்தது, துக்கம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

காரியம் முடிந்த கையோடு ராசுக்குட்டியின் மனைவி மருதி அந்தச் சுவருக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டாள். “எம் புருசன் திரும்பி வரமாட்டாரு. ஆனா சாமி அங்க தாகத்துல நிக்குது. வழிய அடச்சவங்க வந்து தொறக்கட்டும். அதுவரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்.”

மூவரும் வந்தார்கள். தமயந்தியும் வந்து நின்றார்.

“மொதல்ல விட்டவன் நானுங்க. ஆனை எம்பட எடத்துல தடங்கலில்லாமத்தான வந்துச்சு?” என்றார் நாச்சிமுத்து.

“சுவர் என்னுதுதான், இல்லேங்கல. அனுமதி வாங்கிக் கட்டின சுவர். மேற்கே நான் விட்ட இடம் திறந்துதானே கிடக்கு?” என்றார் தயாளன்.

“நான் ரெண்டு பங்கு விட்டேன். எங்க பக்கம் ஆனை வரவே இல்லீங்களே!” என்றார் ரங்கநாயகி.

“அப்ப, டேப்பப் புடிச்ச எம் புருசந்தான் அடச்சாரா?” என்று கேட்டாள் மருதி.

இப்போது நீங்கள் வாயைத் திறக்கலாம். உத்தரவை மீறியவர் ஒருவருமில்லை. அப்படியானால், அந்த வழியை அடைத்தது யார்?

விடை இதுதான். மூவரும் கொடுத்தது இடம். வழியை அவர்களிடம் யாருமே கேட்கவில்லை. உத்தரவில் இருந்த சொல்லைத் திரும்பப் பாருங்கள். ஒருவர் விட்ட இடம் முடிகிற முனையில் அடுத்தவர் விட்டது தொடங்கினால்தான் அது வழி. பக்கத்து நிலத்தைப் பார்ப்பது மூவரின் வேலையல்ல, டேப் பிடித்தவரின் வேலையுமல்ல. மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டியவர் ஒருவர்தான். அவர் வாசல் வாசலாகப் போனாரே தவிர, யானை வருகிற பக்கத்திலிருந்து ஒரு தரம்கூட நடந்து வரவில்லை. அடைத்தவர் தமயந்தி. அதை அவரே மருதியிடம் சொன்னார். ஜீப்பை அனுப்பிவிட்டு வடகாட்டு விளிம்பிலிருந்து நடந்து வந்தார். சேற்றுத் தடத்தைச் சுற்றி, இடிக்க வேண்டிய அகலத்துக்குச் சாக்கட்டியால் கோடு போட்டார். மைதானத்தை இழக்கப்போகிற தயாளனைக் கைகூப்பிக் கேட்டார், அடுத்து, அதே நேரில் கிழக்கு ஓரத்தைத் திறந்துவிடும்படி ரங்கநாயகியையும் கேட்டார். இரண்டு சுவரும் விழுந்த அன்று மருதி எழுந்து ஒதுங்கி நின்று, “வழி விட்டுட்டோம், வாங்க சாமி,” என்று கூப்பிட்டாள். வடகாட்டிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.