பூங்காவனத்தின் விரல்

பேச்சில்லாதவர்களுக்குத் துணையிருக்கப் பழக்கும் மடம் ஒன்று மலையடிவாரத்தில் இருந்தது. அவரவர் விருப்பத்தை அவரவரே சொல்ல உதவுவதுதான் அங்கே பாடம். குரு நீலாயதாட்சிக்குச் சீடர்கள் பலரையும்விட வயது குறைவு. எல்லாரிலும் மூத்த வடிவாம்பாளை அவர் அக்கா என்றே கூப்பிடுவார்; கண்டிக்கும்போதும் அக்காதான்.

வடிவாம்பாள் பூங்காவனத்துக்குத் துணை. பூங்காவனத்துக்குக் கைகால் சொன்னபடி கேட்காது, பேச்சும் கிடையாது. கண்ணும் காதும் மட்டும் கூர்மை. மடியில் படப் பலகையை வைத்து மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்தால், விரல் போய் ஒரு படத்தைத் தொடும். பிள்ளையில்லாத வடிவாம்பாள் அவளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

அன்று காலை பூங்காவனத்தின் அண்ணன் வண்டியோடு வந்துவிட்டான். "நம்ம வீட்டுக்கு வர்றியா தாயி?" என்று கேட்டுவிட்டு வாசலில் போய்க் காத்திருந்தான்.

பலகையில் இரண்டு படம் வைத்தார்கள். ஒன்று வீடு, ஒன்று மடம். வடிவாம்பாள் மணிக்கட்டைத் தாங்க, விரல் மடத்தின்மேல் போய் நின்றது. வடிவாம்பாளுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

"போகமாட்டேங்கறா, பாருங்கம்மா."

குரு அந்தப் படங்களை எடுத்துவிட்டுக் கிளி, விளக்கு, குடம் என்று மூன்றை வைத்தார். முந்தானைக்குள் மறைத்து, பூங்காவனத்துக்கு மட்டும் ஒரு மரக்கிளியைக் காட்டினார். பிறகு வடிவாம்பாளைத் தனியே அழைத்துப்போய் ஓர் அகல்விளக்கைக் காட்டினார். அவளும் இதைத்தான் பார்த்திருப்பாள் என்று வடிவாம்பாள் நினைத்துக்கொண்டாள்.

"என்ன பார்த்தாள்னு அவகிட்டக் கேளுங்கக்கா."

விரல் நேராக விளக்குக்குப் போனது.

குரு மரக்கிளியை எடுத்துப் பலகையின்மேல் வைத்தார். வடிவாம்பாள் பிடித்திருந்த மணிக்கட்டைச் சட்டென்று விட்டாள்.

"நான் தள்ளலம்மா. சத்தியமாத் தள்ளல. அவ கைதான் என்னை இழுத்துக்கிட்டுப் போகும்."

"தெரியும். இப்போ கண்ணைக் கட்டிக்கிட்டுப் பிடிங்க."

கட்டினார்கள். குரு படங்களை இடம் மாற்றினார். கை இழுத்தது, எப்போதும்போலத் தெம்பாகவே. துணியை அவிழ்த்துப் பார்த்தால் விரல் பலகையைத் தாண்டி வெறும் காற்றைச் சுட்டிக்கொண்டிருந்தது. பூங்காவனம் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. வடிவாம்பாளின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கையை விடுங்க" என்றார் குரு.

வீட்டுப் படத்தை ஒரு பக்கமும் மடத்துப் படத்தை மறுபக்கமும் அவள் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு காத்திருந்தார். நேரம் நகரவே மாட்டேன் என்றது. கழுத்து நடுங்க, பூங்காவனம் முகத்தைத் திருப்பினாள். வீடு. குரு படங்களைக் கைமாற்றிப் பிடித்தார். மறுபடி அதே நடுக்கம். மறுபடியும் வீடு.

குரு அண்ணனைக் கூப்பிட ஆள் அனுப்பினார்.

வடிவாம்பாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பூங்காவனத்தைப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

"நேத்துகூட அம்மா படத்தைத் தொட்டுட்டு என் பக்கம் கையை நீட்டினாளே. இத்தனை நாளா என்கிட்டப் பேசினது யாரும்மா?"

"நீங்கதான்க்கா" என்றார் குரு. "அவ கேட்டுக்கிட்டு இருந்தா."